வேம்பாருக்குப் போன அலுமினிய வள்ளம்

சூசை அண்ணாச்சி ஷெட்டுக்குள் காலை வைத்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார், சாவு விழுந்த துட்டி வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி.

எதிரே மூன்று இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அவருடைய வள்ளம் நின்றது. பதினெட்டு அடி நீளம், புத்தம் புது அலுமினியம். அதற்குள் விளிம்பு வரைக்கும் தண்ணீர். காலையிலிருந்து மோட்டாரை ஓடவிட்டு நாங்களே நிரப்பியதுதான். கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் அந்தத் தண்ணீரில் காசு காசாகக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் கையில் ரப்பர் குழாயோடு சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு ஒழுகவில்லை, நீங்களே தடவிப் பாருங்கள் என்றார்.

அண்ணாச்சி கிட்டே வரவில்லை. "தம்பி, வள்ளத்துக்குள்ள இம்புட்டுத் தண்ணியை நான் ரெண்டு தடவைதான் பாத்துருக்கேன். ஒரு தடவை எங்கய்யா கரைக்கு வரலை. அடுத்த தடவை என் தம்பி வரலை" என்றார்.

அந்த நேரம் பார்த்து வள்ளத்தின் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். நடுத் தகடு தொப்பை மாதிரி கீழே இறங்கியது. தகட்டைத் தாங்க உள்ளே குறுக்காக வைத்திருந்த விலாக்கட்டை ஒன்று பற்றவைப்பு விட்டுப் பிரிந்து, தகட்டையும் கிழித்துக்கொண்டு போனது. தண்ணீர் மெல்லிய கோடாகப் பீய்ச்சி என் வீட்டுக்காரரின் காலில் அடித்தது.

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பால் கேன் புத்தி

பால் கேன்களுக்கு ஒட்டுப் போட்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார், வீட்டுக்காரரைக் குறை சொல்லாமல் உங்களுக்கு எழுதவே வராதா என்று. வராது அம்மா. வந்திருந்தால் நான் எதற்கு எழுத வருகிறேன்.

ஆனால் இந்த வாரக் குறையில் எனக்கும் பாதி உண்டு. தண்ணீரை ஊற்றச் சொன்னவர் அவர் என்றால், மோட்டார் சுவிட்சைத் தட்டியவள் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளின் பால் கேன், ராஜபாளையத்து நூல் மில்களின் தள்ளுவண்டி, பெரிய பெரிய தொட்டி, இவைதான் எங்கள் பட்டறையின் வேலை. எது செய்தாலும் கடைசியில் ஒரு சடங்கு உண்டு. தரையில் பழைய செய்தித்தாளை விரிப்போம். அதன் மேல் பாத்திரத்தை வைத்து வாய்வரைக்கும் தண்ணீர் ஊற்றுவோம். அரை நாள் கழித்துத் தாள் காய்ந்திருந்தால் சாமான் வெளியே போகலாம். ஒரு ஓரம் நனைந்திருந்தாலும் போகாது. அந்தத் தாளுக்கு இருந்த மரியாதை எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இருந்ததில்லை.

கிணறு, கண்மாய், தொட்டி, குடம் என்று வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். தண்ணீர் என்றால் எங்களுக்கு அது எதற்குள்ளாவதுதான் நிற்கும். ஒரு சாமானைச் சுற்றி வெளியே தண்ணீர் நிற்கும் என்பதை நான் தாளில் வரைந்தேனே தவிர, மண்டைக்குள் ஏற்றவில்லை. நாலு டன் எடையை அந்த வள்ளத்தின் வயிற்றில் நாங்களே ஏற்றியிருக்கிறோம் என்று அது கிழிந்த பிறகுதான் கணக்குப் போட்டேன்.

அவர் எழுதிப் போட்ட விண்ணப்பம்

எண்பதுகளின் நடுவில் மில்களுக்குப் பிளாஸ்டிக் சாமான்கள் வர ஆரம்பித்தன. பால் கேன் ஒட்டு மட்டும் மிஞ்சியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஏதோ மிளகாய்ப்பொடி வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று.

கல்யாணமாகி மூன்று வருஷம். எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் வெளிநாட்டுப் புருஷனின் நீலக் கவரை எதிர்பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். நான் கட்டிக்கொண்டது ஓர் ஆளை, தபால்காரரை அல்ல என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. சண்டையில் பதில் சொல்லாத மனிதர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் சூசை அண்ணாச்சி வந்தார். வேம்பார் கடற்கரைக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சராக இருந்த தங்கையைப் பார்க்க வந்தவர், ராஜபாளையத்தில் எங்கள் தள்ளுவண்டி ஒன்றைத் தெருவில் பார்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றை ஆள் தள்ளிக்கொண்டு போகிறானே என்று அதன் பின்னாலேயே நடந்து எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

அவருடைய மர வள்ளத்தைக் கரையேற்ற எட்டு ஆள் வேண்டும். அப்பாவும் தம்பியும் போன பிறகு ஒவ்வொரு நாளும் கரையில் நின்று ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்கமாக இருக்கிறது என்றார்.

"நானும் எம் பொஞ்சாதியும் மட்டும் தள்ளுதாப்புல ஒரு வள்ளம் வேணும் தாயி. ரெண்டு ஆளு. அம்புட்டுதான்."

என் வீட்டுக்காரர் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் முடியும் என்றேன். அவருக்கு இங்கேயே வேலை இருக்கிறது என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலண்டர் அட்டை

எனக்குத் தெரிந்தது வீட்டு பிளான். ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இன்ஜினீயரிடம் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் படுக்கையறையும் அடுப்படியும் வரைந்திருந்தேன். படகு வரைந்ததில்லை. படகைப் பார்த்ததும் இல்லை. கடலையும்தான்.

மூன்று பஸ் மாறி வேம்பாருக்குப் போனோம். கடலை முதல்முதலாகப் பார்த்து நான் கேட்ட கேள்வி, இதற்கு மறுகால் எந்தப் பக்கம் என்பது. அண்ணாச்சியின் மனைவி ரோசம்மாள் மணலில் உட்கார்ந்து சிரித்தது இப்போதும் கேட்கிறது. கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும், அது எங்களுக்குத் தெரியும். அம்புட்டுத் தண்ணீர் நிறைந்து நிற்கிறதே என்று பயத்தில் கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சிக்கு அடிக்கணக்கு கிடையாது. முன்பக்கம் என் தாடை உயரம் என்பார். பக்கச் சுவர் முழங்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை, அதற்கு மேலே போனால் வலை இழுக்கும்போது முதுகு போய்விடும் என்பார். நான் டேப்பை வைத்து அவரையே அளந்து எழுதிக்கொண்டேன். பழைய வள்ளத்தின் வளைவுகளுக்குச் செய்தித்தாளை வைத்து, ரவிக்கைக்கு வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சிவகாசிக் காலண்டர் அட்டையில் ஒரு முழ நீளத்துக்கு மாதிரி செய்தேன். தகடு எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்பதை அட்டை சொல்லிவிடும். ஏழு வள்ளம் கோணலாக வந்தது. எட்டாவது நேராக நின்றது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஏட்டி வடிவு, இதை வெட்டிரலாம் போலயே" என்றார். பாஸ்போர்ட் என்ற சொல்லை விட்டு அவர் வேறு ஒன்றைப் பேசி அப்போது பல நாளாகியிருந்தது.

உப்புத் தண்ணீரைத் தாங்குகிற தகடு மெட்ராஸிலிருந்து வந்தது. பற்றவைப்புக்கான ஆர்கான் வாயு சிலிண்டர் மதுரையிலிருந்து. அலுமினியத்தில் இரும்பு போல்ட் பட்டால் கடல் அதை அரித்துவிடும் என்று தெரிந்ததும் சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தோம். வலை கிழியாமல் இருக்க விளிம்பு முழுக்கக் குழாய் வைத்து உருட்டினோம். ரோசம்மாள் ஒரு கிழிந்த வலைத் துண்டு கொடுத்து அனுப்பியிருந்தார். அதை வள்ளத்தின் ஒவ்வொரு மூலையிலும் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும், சிக்கினால் அந்த இடத்தை அரத்தால் ராவ வேண்டும். கடைசி வாரம் முழுக்க எனக்கு அந்த வேலைதான். ஷெட்டின் சொந்தக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்து, தெலுங்கில் "ஏமிதி?" என்று கேட்டார். வள்ளம் என்றேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நாலு மாதம் நாங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஷெட்டில் வேறு தட்டு இல்லை என்பது காரணம். இருந்தாலும் சாப்பிட்டோம்.

கிழிசல்

இப்போது தண்ணீர் பீய்ச்சிய அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

தரையில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார். "முடிஞ்சுபோச்சு வடிவு. நான் போறேன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு அது புரியவில்லை. அவர் மெதுவாக வள்ளத்தின் கீழே குனிந்து, ஒழுகுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அடைத்துக்கொண்டார். கடலில் செய்கிற பழக்கம் போல. அப்படியே நின்றபடி கேட்டார், இந்த விலாக்கட்டையை வரைந்தது யார் என்று.

நான்தான் என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"நீ வெளிய இருந்து அமுக்குத தண்ணிக்கு வரைஞ்சுருக்க. தம்பி உள்ள ஊத்திட்டாரு. வரைஞ்சதுல தப்பில்ல தாயி. தண்ணியை எறக்கிட்டுத் தைங்க. நான் இருந்து எடுத்துட்டுப் போறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போகிறேன் என்றவர் எழுந்து வடிகால் மூடியைத் திறந்தார்.

எட்டு விலாவைப் பத்தாக்கினேன். கிழிந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுத் தகடு வைத்தார். அண்ணாச்சி தங்கை வீட்டில் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அந்த ஒட்டைச் சுற்றி என் வீட்டுக்காரர் போட்ட பற்றவைப்பைப் போல வரிசை தப்பாத பற்றவைப்பை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

பெரிய கண்மாய்

அந்த வருஷம் மழை நல்ல மழை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கண்மாய் நிறைந்து கிடந்தது. லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். இந்த முறை தண்ணீர் வெளியே.

கூட்டம் கூடிவிட்டது. எந்தக் கோயிலுக்குய்யா இந்தத் தேர் என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. மூடியை இறுக்கி மூடிய ஒரு பால் கேனை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கரையே சிரித்தது. நானும் ஏறினேன், புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு. பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

அண்ணாச்சி துடுப்புப் போட்டார். நடுக் கண்மாய்க்குப் போனதும் என் வீட்டுக்காரர் சட்டைக்குள்ளிருந்து மடித்து வைத்திருந்த செய்தித்தாளை எடுத்து வள்ளத்தின் தரையில், அந்த ஒட்டின் மேல் விரித்தார். மூன்று பேரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். செத்த நேரம் போனது. தாள் நனையவில்லை.

மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. ஈர மண் வாசனையும் அவர் சட்டையில் எப்போதும் இருக்கிற சூடான அலுமினிய வாசனையும் சேர்ந்து வந்தது. அவர் பால் கேனை விடாமலே என் பக்கம் சாய்ந்து, "இனி எங்கயும் போகலை வடிவு" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக யாராவது சொன்னால் அதைத்தான் கேட்பேன்.

என் வாய்

கரையில் ஸ்டூடியோக்காரர் ஒரு படம் எடுத்தார். வள்ளம், அதில் பால் கேனோடு அவர், பக்கத்தில் நான். எதற்கும் பின்னால் விவரம் எழுதி வைப்பது என் தொழில் புத்தி. படத்தைத் திருப்பி எழுதினேன்: நீளம் 18 அடி, அகலம் 5 அடி, விலா 10, இரண்டு ஆள் தள்ளலாம். கட்டியவர், மா. தங்கவேல், ராஜபாளையம். வாயால் சொல்லாத பெயரை ஆசை தீர எழுதினேன்.

வள்ளம் வேம்பாருக்குப் போனது. அங்கேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். நல்லபடியாகத்தான் இருந்தது.

பிறகு கூமாப்பட்டியிலிருந்து என் கொழுந்தன் கணேசன் வந்தான். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். துபாயில் படகு கட்டுகிற ஒரு யார்டில் ஸ்டோர் பார்க்கிறவன், லீவில் வந்திருந்தான். எங்கள் யார்டு அப்படி, எங்கள் படகு இப்படி என்று காப்பி ஆறுகிற வரைக்கும் அளந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பீரோவிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன்.

"அங்க நூறு பேரு கூடிக் கட்டுததை எங்க வீட்டு ஆளு ஒத்தையாக் கட்டுனாக. கொண்டுபோயி ஒங்க மேஸ்திரிட்ட காட்டு."

"காட்டுதேன் மதினி" என்று வாங்கி வைத்துக்கொண்டான். காட்டிவிட்டான், பாவி.

மூன்று மாதத்தில் ஒரு கனமான கவர் வந்தது. விசா. அலுமினியம் பற்றவைக்கிற ஆள் அங்கே கிடைப்பதில்லையாம். என் வீட்டுக்காரர் தாளைப் படித்தார். கவருக்குள்ளிருந்து இன்னொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏதோ சீட்டு என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

போகாதீர்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். ஆனால் இந்த வினையை இழுத்து வந்தது என் வாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வெட்கம். அதோடு, அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

"ஒங்க இஷ்டம்" என்றேன்.

பதினோரு வருஷம்

ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் மறுபடி வீட்டு பிளான் வரையப் போனேன். மகள் பிறந்ததைத் தந்தியில் சொன்னேன். தெருவில் நீலக் கவருக்காக நிற்கிற மூன்றாவது பெண் ஆனேன்.

கடிதத்தில் வேலையைப் பற்றித்தான் எழுதுவார். இங்கே தண்ணீர் ஊற்றுவதில்லை வடிவு, ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள், கறை தெரிந்தால் ஓட்டை என்று ஒருமுறை எழுதினார். அந்த வரியைப் பத்து தடவை படித்தேன். அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் என்னிடம்தானே சொல்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீடு நிறைய ஆள் இருக்கும். சென்ட் வாசனையோடு வருவார். அந்தச் சூடான அலுமினிய வாசனை சட்டையில் இருக்காது. எனக்கு அதுதான் வேண்டும். எங்கள் தெரு முனையில் ஒரு பாத்திரக்கடைக்காரர் உடைந்த அலுமினியச் சட்டிகளைப் பற்றவைப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாங்க ஒன்றும் இல்லாமல் அங்கே போய் நின்றிருக்கிறேன்.

வேம்பார்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவழியாகத் திரும்பி வந்தார். காது மந்தம், கண்ணில் எப்போதும் நீர். வந்த வாரமே வேம்பாருக்குப் போகலாம் என்றார்.

வள்ளம் மணலில் கிடந்தது. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. விளிம்பெல்லாம் வலை தேய்த்து வழவழவென்று இருந்தது. ரோசம்மாள் முட்டுவலியால் வீட்டில் இருந்தார். சூசை அண்ணாச்சி, அப்போது நன்றாகவே கிழவர், இன்றைக்குக் கடலுக்குப் போகிறேன், என் பொஞ்சாதி இடத்தில் நீங்கள் தள்ளிவிட்டுப் போங்கள் என்று சொல்லி, மோட்டாரை எடுக்கப் போனார்.

என் வீட்டுக்காரர் மணலில் மல்லாந்து படுத்து வள்ளத்தின் அடியில் தலையைக் கொடுத்து அந்த ஒட்டைத் தேடினார். விரலால் தடவினார். "ஒட்டு இன்னும் நிக்கி" என்றார்.

அவர் முகம் தெரியாமல் இருந்ததால் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"அந்த போட்டோவைக் கணேசங்கிட்டக் குடுத்தது நாந்தான்."

"தெரியும்" என்றார் அடியிலிருந்து.

"எப்படி?"

"விசாவோட அதையும் கவர்ல வச்சு அனுப்பிருந்தான். பின்னால ஒன் கையெழுத்து."

அப்போது சட்டைப் பையில் போனது அதுதான். மணலில் உட்கார்ந்தேன்.

அவர் வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எம் பேரு, ஊரு, அளவு எல்லாம் நீயே எழுதி அனுப்பிருக்கன்னு நெனைச்சேன். கேட்டதுக்கு ஒங்க இஷ்டம்னுட்ட. நான் போகணும்னு நீதான் ஆசைப்படுதன்னு நெனைச்சுட்டேன் வடிவு. திரும்பி வாங்கன்னு நீ எழுதுவன்னு ஒவ்வொரு கடுதாசியையும் பாப்பேன்."

"பெருமைக்குக் குடுத்தேங்க. ஒங்களைப் பத்திப் பீத்திக்கிடக் குடுத்தேன்."

அத்தனை கடிதத்தில் ஒன்றிலும் வாங்க என்று நான் எழுதியிருக்கவில்லை.

அண்ணாச்சி மோட்டாரை மாட்டிவிட்டு, வள்ளத்துக்குக் கீழே உருளைக் கட்டைகளை வைத்தார். பிடிங்கய்யா, பிடி தாயி என்று குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் விளிம்பைப் பிடித்தேன். இரண்டு ஆள் போதும் என்று நான் வரைந்தது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் தள்ளினோம், வள்ளம் தண்ணீருக்குள் இறங்கியது.